டொபர்மோரிக்குக் குடும்பத்தோடு: கூடாரமும் குளிர்நீர் முக்குளிப்பும் (ஆலோசனை தேவை)

திருமலையான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் முதல் திங்கள் விடுமுறையோடு சேர்த்து ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து, ஹூரான் ஏரியில் புரூஸ் தீபகற்பத்தின் முனையிலுள்ள டொபர்மோரிக்கு வாகனத்தில் போய், சைப்ரஸ் லேக் முகாமில் நான்கு இரவுகள் கூடாரமிட்டுத் தங்குவதென்று முடிவு செய்திருக்கிறோம். முகாமிடத்தைக் குளிர்காலத்திலேயே பதிவு செய்துவிட்டோம்.

நானும் மனைவியும் திருகோணமலையில் முக்குளிக்கப் பழகியவர்கள். புறாத்தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளும், 28 பாகை வெப்பமுள்ள கடலும், மூன்று மில்லிமீட்டர் வெட்சூட் என்ற ரப்பர் உடையும்தான் எங்களுக்குத் தெரிந்தவை. பதின்மூன்று வயது மகளும் சென்ற விடுமுறையில் அங்கேயே ஜூனியர் சான்றிதழ் பெற்றுவிட்டாள். எட்டு வயது மகனும், எழுபதைத் தாண்டிய மாமியும் கரையில் இருப்பார்கள். டொபர்மோரியில் மூழ்கிக் கிடக்கும் நயாகரா II கப்பலின் படங்களைப் பார்த்த நாளிலிருந்து, அதில் இறங்கிப் பார்த்தே தீர வேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நிற்கிறார்.

குளிர்நீரில் எங்களில் யாருக்கும் அனுபவம் இல்லை. நீர் உள்ளே புகாத டிரைசூட் வாடகைக்கு எடுக்க வேண்டுமா, தடித்த வெட்சூட் போதுமா? மகளை எந்த இடத்தில் இறக்கலாம்? நாங்கள் நீருக்குள் இருக்கும்போது மற்ற இருவருக்கும் பொழுது எப்படிப் போகும்? அங்கே போய்வந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

நீர்க்காகம் எழுதியது:

தம்பி, முதலில் அங்குள்ள நீர் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே விடை இருக்கிறது.

ஆகஸ்ட் தொடக்கத்தில் ஹூரான் ஏரியின் மேற்பரப்பு நல்ல ஆண்டுகளில் 18 பாகை வரை, சில சமயம் அதற்குச் சற்று மேலும் சூடாகும். பிள்ளைகள் குளிக்கலாம், நீங்களும் 'இதுவா குளிர்நீர்' என்று நினைப்பீர்கள். ஆனால் பத்து மீட்டரைத் தாண்டி இறங்கும்போது ஏதோவோர் ஆழத்தில் தெர்மோக்ளைன் என்ற எல்லை வரும். அதற்குக் கீழே, ஒரு கை நீளத்துக்குள்ளேயே நீரின் வெப்பம் ஆறு, ஏழு பாகைக்கு விழுந்துவிடும். வெப்பநீரும் குளிர்நீரும் கலக்கும் அந்த இடத்தில் பார்வை எண்ணெய் கலந்ததுபோல் மங்கலாக நெளியும். அதைக் கண்டதும் அடுத்த நொடியில் முகத்தில் அறைகிற குளிருக்கு ஆயத்தமாகிவிடலாம். நன்னீர் நான்கு பாகையில்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்பதால், ஏரியின் அடியில் கோடையிலும் அந்தக் கனத்த குளிர்நீரே தங்கியிருக்கிறது. பலமான காற்று ஓர் இரவு முழுவதும் வீசி மேற்பரப்பின் வெந்நீரைத் தள்ளிவிட்டால், நேற்றுப் பிள்ளைகள் விளையாடிய கரையிலேயே இன்று கால் வைக்க முடியாமலும் போகும். ஆகவே எந்த நாளில் எவ்வளவு குளிர் என்பதை வீட்டிலிருந்து தீர்மானிக்க முடியாது. அங்கே போனதும் முக்குளிப்புக் கடையில் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

அடுத்தது ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் கருவி. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று ஒரே அடியாகப் பத்து பார் அளவுக்கு விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. சுற்றியுள்ள நீரும் ஐந்தாறு பாகையில் இருந்தால் உள்ளே பனி கட்டி, வால்வு திறந்தபடியே இறுகி, காற்று கட்டுக்கடங்காமல் பீறிடும். திருகோணமலையில் இதை நீங்கள் கண்டிருக்க வழியில்லை. சிலிண்டரோடு பொருந்தும் முதல் நிலையில் நீர் புகாதபடி மூடப்பட்ட, குளிர்நீருக்கென்று செய்யப்பட்ட ரெகுலேட்டரை வாடகைக்கு எடுங்கள்; ஐரோப்பியத் தரத்தில் பத்து பாகைக்குக் கீழ்ப்பட்ட நீரையே குளிர்நீர் என்று வகுத்திருக்கிறார்கள் என்பதைக் கடையில் கருவியைப் பார்க்கும்போது நினைவில் வையுங்கள். நீருக்குள் போனபின், மூச்சை இழுத்துக்கொண்டே, மிதப்பைச் சரிசெய்யும் மிதவைச் சட்டைக்கும் காற்று நிரப்ப வேண்டாம். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள். பீறிட்டால் வாயை இறுக மூடாமல், ஓரத்திலிருந்து காற்றை எடுத்துக்கொண்டோ, கூட்டாளியின் மாற்று ரெகுலேட்டருக்கு மாறிக்கொண்டோ, வழக்கமான வேகத்தில் மேலே வர வேண்டும். சிலிண்டர் ஓரிரு நிமிடங்களில் காலியாகிவிடும் என்பதால் யோசிக்க நேரமிருக்காது. ஆழமில்லாத இடத்தில் இருவரும் இதைப் பயிற்சியாகச் செய்து பார்த்துவிடுங்கள்.

உங்கள் மனைவியின் ஆசையைப் பற்றி: நயாகரா II கப்பலை 1999-இல் முக்குளிப்போருக்காகவே மூழ்கடித்தார்கள். நிமிர்ந்து நிற்கும் அழகான கப்பல்தான். ஆனால் அதன் அடி ஏறத்தாழ 30 மீட்டரில், முழுக்கத் தெர்மோக்ளைனுக்குக் கீழே இருக்கிறது. குளிர்நீரில் முதன்முதல் இறங்குகிறவருக்கு அது இடமில்லை. இந்தப் பயணத்தில் அதை விட்டுவிடச் சொல்வேன்.

மணற்காடன் எழுதியது:

நீர்க்காகம் அக்கா சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடை விஷயத்தில் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: டிரைசூட் எடுங்கள். நீர் உடல் வெப்பத்தைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். வெட்சூட்டின் ரப்பருக்குள் இருக்கும் நுண்ணிய காற்றுக்குமிழிகளே உங்களைக் காக்கின்றன. பத்து மீட்டரில் அவை பாதியாகச் சுருங்கிவிடுகின்றன. அதாவது குளிர் கூடும் ஆழத்தில் உங்கள் உடை மெலிகிறது. டிரைசூட்டில் அந்தச் சிக்கல் இல்லை. உள்ளே கம்பளி உடை உலர்ந்தே இருக்கும், வெளியே வந்ததும் கழற்றிவிட்டுப் பிள்ளையோடு விளையாடப் போகலாம்.

நீர்க்காகம் எழுதியது:

தம்பி சொல்வது பழகியவர்களுக்குச் சரி. டிரைசூட் என்பது உடுத்திக்கொண்டு இறங்கிவிடுகிற சட்டை அல்ல. அதற்குள்ளும் காற்றைச் செலுத்தி, வெளியேற்றிச் சமன்செய்ய வேண்டும். கால்பக்கம் காற்று சேர்ந்துவிட்டால் தலைகீழாக மேலே தூக்கிப் போகும். அதிலிருந்து மீளத் தனிப்பயிற்சி இருக்கிறது. புதிய ஏரி, புதிய குளிர், புதிய உடை மூன்றையும் ஒரே காலையில் சந்திக்க வேண்டாம் என்பதே என் வாதம். ஜூன் மாதத்தில் ஒரு வார இறுதியை ஒதுக்கி, ஏதாவது கல்லகழிக் குளத்தில் டிரைசூட் வகுப்பை முடித்துவிட்டு வருவதானால் எனக்கு மறுப்பே இல்லை.

அதற்கு நேரம் இல்லையென்றால், ஏழு மில்லிமீட்டரில் இரண்டு துண்டாக வரும் வெட்சூட், தலையுறை, ஐந்து மில்லிமீட்டர் கையுறை, காலணி எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, 12 மீட்டருக்குள்ளேயே நில்லுங்கள். தலையுறை கழுத்தில் இறுக்கமாக இருக்கும், காது அடைத்ததுபோல் தோன்றும், மகள் வேண்டாம் என்று சிணுங்குவாள். விடவேண்டாம்.

கணக்கன் எழுதியது:

மிதக்காமல் இறங்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயப் பாரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கடல்நீரைவிட நன்னீர் ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு அடர்த்தி குறைந்தது. கருவிகளோடு சேர்த்து ஒருவர் 100 கிலோ இருந்தால், அதே உடையில் கடலுக்குத் தேவைப்பட்டதைவிட இரண்டரைக் கிலோ குறைவான ஈயம் போதும். ஆனால் மூன்று மில்லிமீட்டரிலிருந்து ஏழு மில்லிமீட்டர் இரண்டு துண்டுக்கு மாறும்போது மிதப்பு அதைவிடப் பன்மடங்கு கூடிவிடும். ஆகவே திருகோணமலைக் கணக்கு எதுவும் செல்லாது. கரையோரத்தில், நெஞ்சளவு நீரில், ஏறத்தாழக் காலியான சிலிண்டரோடு மிதவைச் சோதனை செய்து பார்த்துத்தான் எடையை முடிவுசெய்ய வேண்டும். முழுச் சிலிண்டரோடு பார்த்தால், காற்று தீர்ந்தபின் இழக்கும் இரண்டு கிலோவையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

செல்லம்மா பேத்தி எழுதியது:

முக்குளிப்பைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நான் முகாமைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் மாமி வருகிறார் என்கிறீர்கள்.

புரூஸ் தீபகற்பத்தில் கருங்கரடிகள் வாழ்கின்றன. தேசியப் பூங்காவின் விதி எளிமையானது: கண்ணெதிரே சமைக்காத, சாப்பிடாத நேரத்தில் உணவு, குளிர்ப்பெட்டி, அடுப்பு, கழுவாத பாத்திரம், பற்பசை உட்பட மணமுள்ள எதுவும் மேசையிலோ கூடாரத்திலோ இருக்கக் கூடாது, எல்லாம் வாகனத்துக்குள் பூட்டப்பட வேண்டும். இதை மாமிக்கு வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் பக்கத்து மாமியார்கள் எவ்வளவு சொன்னாலும் ஒரு போத்தல் மீன் ஊறுகாயையும் ஒரு பொட்டலம் கருவாட்டையும் தலையணைப் பைக்குள் செருகிக்கொண்டுதான் வருவார்கள். கருவாட்டை முகாமில் பொரிப்பதைப்போல அக்கம்பக்கத்துக்கும் கரடிக்கும் ஒருசேர அழைப்பு விடுவது வேறில்லை. புட்டுக்குச் சம்பலும் பருப்பும் போதும். மீன்குழம்பு வேண்டுமென்றால் வீட்டிலேயே வைத்து உறையவிட்டுக் கொண்டுபோய், முதல் இரவே முடித்துவிடுங்கள்.

சைப்ரஸ் லேக்கில் மின்னிணைப்புள்ள முகாமிடங்கள் இல்லை. மூச்சுத்திணறலுக்கான இயந்திரம் ஏதாவது மாமி பாவிக்கிறாரென்றால் அதற்கு மின்கலம் வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் இரவுகளிலும் விடியற்காலையில் பத்து, பன்னிரண்டு பாகைக்கு இறங்கிவிடும். தரையில் விரிக்கும் காற்று மெத்தைக்கு அடியில் தடித்த பாய் ஒன்று போடாவிட்டால் குளிர் முதுகிலிருந்து ஏறும். மழை பெய்து எல்லோரும் நடுங்கினாலும், கரி அடுப்பையோ எரிவாயு அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகவே வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, உறங்குகிறவர் எழும்பமாட்டார். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், மழை இரவில் யாராவது ஒருவருக்கு இந்த யோசனை வந்தே தீரும்.

விறகை ஸ்காபரோவிலிருந்து ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. மரத்தைத் துளைக்கும் வண்டுகள் விறகோடு இடம்பெயர்வதால், அங்கேயே வாங்கி அங்கேயே எரிக்க வேண்டும். வறட்சிக் காலத்தில் தீ மூட்டத் தடை வந்துவிடும். சமையலுக்கு எரிவாயு அடுப்பு கைவசம் இருக்கட்டும்.

திருமலையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கருவாட்டுச் செய்தியை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். பதில் சொல்லவில்லை, அது நல்ல அறிகுறியா என்று தெரியவில்லை.

நயாகரா கப்பலைக் கைவிட மனைவி ஒருவாறு சம்மதித்துவிட்டார். உடை விஷயத்தில் நீர்க்காகம் அக்கா சொன்ன ஏழு மில்லிமீட்டர் வழியையே தேர்ந்திருக்கிறோம். இப்போது எங்களுக்குள் இருக்கும் பெரிய கேள்வி: நானும் மனைவியும் மகளும் மூவராகச் சேர்ந்து இறங்கலாமா? மகனை மாமியோடு கரையில் விட்டுவிட்டால் நாற்பது நிமிட நேரந்தானே என்கிறார் மனைவி.

ஓவன்சவுண்ட் வாசி எழுதியது:

நான் இரண்டு மணிநேரத் தொலைவுக்குள் வசிப்பவன். கோடையில் அடிக்கடி அங்கே போய்வருகிறேன். உங்கள் மனைவி மனம் கோணக்கூடாது, ஆனால் எழுபது வயதுப் பெரியவரையும் எட்டு வயதுப் பையனையும் பாறைக்கரையில் விட்டுவிட்டுப் பெற்றோர் இருவரும் நீருக்குள் போவதை நான் செய்யமாட்டேன். நீங்கள் கீழே இருக்கும்போது பையன் சறுக்கி விழுந்தால் மாமி என்ன செய்வார்? அங்கே பல இடங்களில் கைபேசி இணைப்பே சரியாகக் கிடைக்காது. டொபர்மோரியில் மருந்தகம் இருக்கிறது. அருகிலுள்ள மருத்துவமனை என்றால் சுமார் 50 கிலோமீட்டர் தெற்கே லயன்ஸ் ஹெட் ஊரில். இரவில் அவசரப் பிரிவு திறந்திருக்கிறதா என்பதைப் புறப்படும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். சிற்றூர் மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறையால் மூடுகிறார்கள்.

அதே பாறைகளில் மசசாகா என்ற நச்சுப்பாம்பும் உண்டு. கூச்சமுள்ள பாம்பு, வாலை ஆட்டிச் சலசலத்து எச்சரிக்கும், தானாகத் தேடிவந்து கடிப்பதில்லை. ஆனால் வெறுங்காலோடு வெயிலில் காய்ந்த கற்களுக்குள் கைவிட்டு விளையாடும் பையனுக்கு அதைச் சொல்லியே ஆக வேண்டும். அதைக் கொல்வது சட்டப்படி குற்றம்.

நீர்க்காகம் எழுதியது:

நானும் அதையேதான் சொல்ல வந்தேன். பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்க, முக்குளிப்பின் கணக்கிலேயே மூவர் சேர்ந்து போவதில் சிக்கல் இருக்கிறது.

முக்குளிப்புச் சான்றிதழ் வழங்கும் பாடி (PADI) அமைப்பின் விதிப்படி 10, 11 வயதுப் பிள்ளைகள் 12 மீட்டர் வரைதான் போகலாம். 12 முதல் 14 வரையுள்ளவர்கள் ஜூனியர் சான்றிதழோடு 18 மீட்டர் வரை, சான்றிதழ் பெற்ற வயதுவந்தவர் ஒருவரோடு இறங்கலாம். விதிப்படி உங்கள் மகளுக்கு அப்பா ஒருவர் கூட இருந்தால் போதும். ஆனால் இருவர் இறங்கும்போது ஒருவருக்கு மற்றவர் துணை என்பதே அடிப்படை. உங்களுடைய ரெகுலேட்டர் பீறிட்டாலோ, உங்களுக்கே கால் விறைத்துத் தசை பிடித்துக்கொண்டாலோ, தடித்த கையுறைக்குள் விரல் மரத்துப்போன பதின்மூன்று வயதுப் பிள்ளை உங்களை மேலே கொண்டுவருவாளா? வெப்பநீரில் இந்தக் கேள்வி எழாது. அங்கே தவறு நடக்கவும் திருத்தவும் நேரம் உண்டு. குளிரில் விரல்தான் முதலில் வேலை நிறுத்தம் செய்யும். பொத்தானைத் தேடுவதற்கே நேரம் எடுக்கும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது இப்படி. மகளோடு இறங்கும்போது அங்குள்ள முக்குளிப்புக் கடையிலிருந்து ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். ஒரு காலை அப்பா, மகள், வழிகாட்டி. மறுநாள் காலை அம்மா, மகள், வழிகாட்டி. கரையில் எப்போதும் பெற்றோர் ஒருவர் இருப்பார். மகள் ஒரே நாளில் இருமுறை இறங்கத் தேவையில்லை. சிறிய உடல் விரைவில் வெப்பத்தை இழக்கும். உதடு நீலம் பாயும்வரை காத்திருக்காமல், நடுக்கம் தொடங்கியதுமே கைகாட்டி மேலே வந்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதில் வீரம் எதுவும் இல்லை என்பதை அவளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதுக்காரிக்கு அப்பா முன்னால் 'குளிருது' என்று சொல்வது அவ்வளவு எளிதல்ல.

நீங்களும் மனைவியும் சேர்ந்து ஒருமுறையாவது இறங்க விரும்பினால், இன்னொரு குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மணற்காடன் எழுதியது:

வழிகாட்டி என்ற யோசனைக்கு என் முழு ஆதரவு. டிரைசூட் விஷயத்திலும் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன், இந்த ஆண்டுக்கு மட்டும்.

இடங்களைப் பற்றி: ஃபாதம் ஃபைவ் தேசியக் கடல்சார் பூங்கா 1987-இல் அமைக்கப்பட்டது, இருபதுக்கும் மேற்பட்ட கப்பற்சிதைவுகள் அதற்குள் கிடக்கின்றன. இவற்றை இவ்வளவு முழுமையாகப் பார்க்க முடிவதற்கு இந்தக் குளிரும் நன்னீருமே காரணம். கடலில் மரக்கலத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு நன்னீரில் வாழாது. நூற்றைம்பது ஆண்டுப் பழைமையான பலகையின் மேல் ஆணித்தலை தெரியும். 1980-களின் இறுதியில் வந்து குடியேறிய வரிச்சிப்பிகள் நீரை வடிகட்டித் தெளிவாக்கியதும் உண்மை, அதே சிப்பிகள் சிதைவுகளின் மேல் அப்பிக்கொண்டு மரத்தை மறைப்பதும் உண்மை.

மகளோடு முதல் நாளுக்கு லிட்டில் டப் துறைமுகத்தின் கரையோரத்தில் கிடக்கும் இழுவைப் படகுகள் பொருத்தமானவை. கரையிலிருந்தே இறங்கலாம், 12 மீட்டருக்குள் எல்லாமே முடிந்துவிடும். இரண்டாம் நாளுக்குப் படகில் போய் டபிள்யூ. எல். வெட்மோர் கப்பலைப் பார்க்கலாம். 1901-ஆம் ஆண்டுப் புயலில் ரசல் தீவை ஒட்டிச் சிதைந்த நீராவிக் கப்பல் அது; ஒன்பது மீட்டர் ஆழத்துக்குள் அதன் பெரிய கொதிகலனும் நங்கூரமும் கிடக்கின்றன. சூரிய ஒளி அடிவரை விழும்.

அரேபியா என்ற கப்பலைப் பற்றி யாராவது படகில் ஆசை காட்டுவார்கள். 1884-இல் மூழ்கிய அழகான பாய்க்கப்பல், முன்தூலமும் நங்கூரங்களும் அப்படியே இருக்கின்றன. 30 மீட்டருக்கும் கீழே, இருட்டும் குளிருமாக, பல ஆண்டுகளில் பல முக்குளிப்போரின் உயிரைக் காவு வாங்கிய இடம் அது.

செல்லம்மா பேத்தி எழுதியது:

மகனுக்கும் மாமிக்கும் ஒரு வழி சொல்கிறேன். பிக் டப் துறையின் உட்கோடியில் ஸ்வீப்ஸ்டேக்ஸ் என்ற இரட்டைப் பாய்மரக் கப்பல் ஆறு மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. 1867-இல் பர்லிங்டனில் கட்டி, 1885-இல் கோவ் தீவருகே அடிபட்டு, இழுத்துவரப்பட்டு இங்கே மூழ்கியது. லிட்டில் டப்பிலிருந்து புறப்படும் கண்ணாடித்தளப் படகுகள் அதன் மேலேயே நின்று காட்டும். நீந்தத் தெரியாத மாமிக்கும் கப்பல் முழுமையாகத் தெரியும்; மகனுக்கு அக்காவிடம் 'நானும் கப்பல் பார்த்தேன்' என்று சொல்ல ஒன்று கிடைக்கும். சில படகுகள் ஃபிளவர்பாட் தீவிலும் இறக்கிவிடும். அலை அரித்துப் பூச்சட்டி வடிவில் நிற்கும் இரண்டு பாறைத்தூண்கள் அங்கே உண்டு. நடை கரடுமுரடானது, மாமியின் முழங்காலைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பூங்காவின் பார்வையாளர் நிலையத்தில் 20 மீட்டர் உயரக் காட்சிக்கோபுரம் இருக்கிறது. முக்குளிப்போர் அனைவரும் அந்த நிலையத்தில்தான் சான்றிதழைக் காட்டிப் பதிவு செய்து அடையாளம் பெற வேண்டும் என்பதால், நீங்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில் மகனைக் கோபுரத்தில் ஏற்றிவிடலாம்.

கிரொட்டோ குகைக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் வாகனத் தரிப்பிடத்தை நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். சைப்ரஸ் லேக்கில் தங்குகிறவர்கள் முகாமிலிருந்தே நடந்து போகலாம். விடுமுறை நாட்களில் பத்து மணிக்குப் பிறகு பாறைகளில் இடமே இருக்காது. விடிந்ததும் போய், கூட்டம் வரும்போது திரும்பிவிடுங்கள். நீரில் விளையாடுவதற்கு மேற்குக் கரையிலுள்ள சிங்கிங் சாண்ட்ஸ் மணற்கரைதான் நல்லது. வெகுதூரம் போனாலும் முழங்காலளவு நீர்தான், சூடும் கூடுதல்.

கணக்கன் எழுதியது:

திரும்பும் பாதையைப் பற்றி ஒரு நுணுக்கம். ஹூரான் ஏரியின் மட்டம் கடல்மட்டத்திலிருந்து 176 மீட்டர். நெடுஞ்சாலை 10 வழியாக ரொறன்ரோவுக்குத் திரும்பும்போது டண்டாக் மேட்டுநிலத்தில் 500 மீட்டருக்குச் சற்று மேலே ஏறி இறங்குகிறீர்கள். உடலில் கரைந்த நைதரசன் குமிழியாகும் என்பதால் முக்குளித்த உடனே உயரம் ஏறக் கூடாது என்பது விதியல்லவா?

நீர்க்காகம் எழுதியது:

நல்ல கேள்வி, ஆனால் அச்சப்பட வேண்டியதில்லை. விமானப் பயணத்துக்காக வகுத்த காத்திருப்பு விதி, அதாவது பலமுறை இறங்கியவருக்குக் குறைந்தது 18 மணிநேரம் என்பது, 2,000 அடிக்கு மேற்பட்ட உயரங்களுக்கானது. டண்டாக் சுமார் 1,700 அடி. இருந்தாலும் குளிரில் இறங்கியவரின் உடலிலிருந்து நைதரசன் வெளியேறுவது மந்தமாக இருக்கும் என்பதால், கடைசி நாளில் யாரும் இறங்காமல், கூடாரத்தைக் காயவைத்து மடித்துக்கொண்டு புறப்படுவதே என் வழக்கம். எப்படியும் விடுமுறைத் திங்கள் மாலையில் நெடுஞ்சாலை 6 நகராது. முந்நூறு கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணிநேரம்கூட ஆகலாம். களைத்த ஓட்டுநர் நைதரசனைவிடப் பெரிய ஆபத்து.

இன்னும் ஒரு சிறிய யோசனை. முகாமிலிருந்து புறப்படும்போது இரண்டு சுடுநீர்க் குடுவைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று குடிப்பதற்கு இஞ்சித் தேநீர். மற்றதில் கை பொறுக்கும் சூட்டில் வெறும் நீர்: இறங்குவதற்கு முன் அதைக் கையுறைக்குள்ளும், கழுத்துவழியாக வெட்சூட்டுக்குள்ளும் ஊற்றினால், ஏரியின் குளிர்நீர் உள்ளே புக இடமிருக்காது. முந்தைய நாள் நனைந்து காயாத வெட்சூட்டை காலை ஏழு மணிக்கு உடுத்தும்போது இதன் அருமை தெரியும். மேலே வந்ததும் நனைந்த உடையைக் கழற்றி, கம்பளித் தொப்பி போட்டு, சூடாக எதையாவது குடித்து மெல்லமெல்லச் சூடேற வேண்டும். வந்த கையோடு கொதிநீரில் குளிப்பது கூடாது. தோல் திடீரெனச் சூடானால் அங்கே கரைந்துள்ள வாயு குமிழியாகிவிடும்.

திருமலையான் எழுதியது:

மிகத் தெளிவாகிவிட்டது. வெள்ளி மாலை போய்ச் சேருகிறோம். சனி காலை பதிவு, எடைச் சோதனை, மகளோடு நானும் வழிகாட்டியும் இழுவைப் படகுகள். ஞாயிறு மனைவியும் மகளும் வெட்மோர் கப்பல். அந்த நேரத்தில் நான் மாமியையும் மகனையும் கண்ணாடித்தளப் படகில் ஏற்றிச் செல்வேன். திங்கள் கிரொட்டோவும் சிங்கிங் சாண்ட்சும். செவ்வாய் காலை கூட்டம் கலைந்தபின் வீடு. என் தங்கை குடும்பமும் வர விரும்புகிறது. அவர்கள் வந்தால் நானும் மனைவியும் ஒருமுறை சேர்ந்து இறங்குவோம். மாமி ஒடியல் கூழ் காய்ச்சித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கூழுக்குள் என்ன மீன் போடுவார் என்று நான் கேட்கவில்லை.

காற்றடித்துப் படகு போகாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

ஓவன்சவுண்ட் வாசி எழுதியது:

படகோட்டி தானே இரத்துச் செய்தால் பெரும்பாலும் வேறு நாள் தருவார்கள் அல்லது பணத்தைத் திருப்புவார்கள். நீங்கள் இரத்துச் செய்தால் நிலைமை வேறு. பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஜார்ஜியன் குடாவில் வடமேற்குக் காற்று எழும்பினால் வெட்மோர் பக்கம் போக முடியாது. அப்படியானால் பிக் டப் கலங்கரை விளக்கடியில் கரையிலிருந்து இறங்கலாம், ஆனால் படகுகள் போகும் வழி என்பதால் கீழே ஆள் இருப்பதைப் படகுகளுக்குக் காட்டும் கொடிமிதவை இல்லாமல் கூடாது.

கருவிகளை ஏற்றும் இடத்தில் வாகனத்தை நிறுத்திவைக்க விடமாட்டார்கள். ஒருவர் சாமானோடு துறையில் நிற்க, மற்றவர் போய் ஊருக்கு வெளியே உள்ள தரிப்பிடத்தில் விட்டுவிட்டு நடந்து வர வேண்டியிருக்கும். படகு புறப்படும் நேரத்துக்கு முக்கால் மணிநேரம் முன்னதாகவே அங்கே இருங்கள்.